திவான் நீட்டிய சாவி

"இடது கையால சாவி நீட்டுறவன் யோக்கியனா?"

ஊரார் மூன்று தலைமுறையாகக் கேட்டுவந்த கேள்வி இது. செண்பகாவின் கொள்ளுத்தாத்தா சமஸ்தானத்தின் கடைசித் திவான். அவர் மறைந்த நாளில் கஜானா பெட்டியும் மறைந்தது. மிஞ்சியது அவர் உருவம் செதுக்கிய செப்புத் தகடு மட்டும். அதில் அவருக்குப் பின்னால் மலையிலுள்ள இரட்டைக் குகை. திவானின் இடது கை வலப்பக்கக் குகையை நோக்கிச் சாவியை நீட்டுகிறது. ராஜாவை அவமதித்த திருடன் என்று ஊர் தீர்ப்பளித்துவிட்டது. அந்தப் பெயரைத் துடைக்கத்தான் செண்பகா தகட்டோடு மலையேறினாள். கூடவே அவளுடைய நண்பர்கள் குருபரனும் தாவூத்தும்.

மாலையில் குகைகளுக்குக் கீழே ஓடைக்கரையில் தங்கினார்கள். தாவூத் செதுக்கு வேலை கற்க மாலை வகுப்புக்குப் போகிறவன். செம்பைத் தேய்த்து மெருகேற்றும் பாடத்தை இன்னும் தாண்டவில்லை. தகடு தொலைந்தால் என்ன செய்வது என்று அவனுக்குப் பயம். ஒரு நகல் இருக்கட்டும் என்று விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் கோடுகளில் தேய்த்தான். மேலே ஈரத்துணியை வைத்துக் கரண்டியால் அழுத்தி எடுத்து, விரித்துப் பார்க்காமல் பாறைமேல் காயப்போட்டான்.

"சலவைக்குப் போட்டுட்டியா திவான?" என்று குருபரன் சிரித்தான்.

விடிந்தபோது குருபரனைக் காணவில்லை. தகட்டையும் கயிற்றையும் காணவில்லை. ஓடைமணலில் அவன் காலடிகள் வலப்பக்கக் குகைக்கு ஏறியிருந்தன.

"தண்ணி எடுக்கப் போயிருப்பான்" என்றான் தாவூத்.

"கயிறு எதுக்குடா தண்ணிக்கு?" செண்பகா அந்தக் காலடிகளையே பார்த்தாள். "சின்ன வயசுலேர்ந்து எங்க வீட்டுல சாப்பிட்டவன்."

தாவூத் துணியை எடுத்து விரித்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"செண்பகா, இங்க வா. நான் தப்பாச் சொல்றேனோ என்னவோ, நீயே பாரு. தகடு அச்சடிக்கிறதுக்குத்தான். அதுல எல்லாம் இடம் வலமா மாறித்தான் இருக்கும். துணியில விழுந்ததுதான் நெசமான படம்."

துணியில் திவான் வலது கையால், மரியாதையாக, சாவியை நீட்டிக்கொண்டிருந்தார். இடப்பக்கக் குகையை நோக்கி.

இருவரும் ஓடினார்கள். வேரைப் பிடித்து வழுக்குப் பாறையில் ஏறினார்கள். குகையின் கடைசியில், கல் அடுக்கிய சுவருக்குப் பின்னால் பெட்டி இருந்தது. பூட்டின்மேல் ராஜாவின் அரக்கு முத்திரை உடையாமல் இருந்தது. திருடியவன் திறந்திருப்பான், இவர் ஒளித்துக் காத்திருக்கிறார்! செண்பகா பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வெளியே வந்தபோது, வலப்பக்கக் குகை வாசலில் கால் சுளுக்கி உட்கார்ந்திருந்தான் குருபரன். தகட்டால் பாறையை நெம்பியதில் அது வளைந்து, திவானின் முகம் நசுங்கிப்போயிருந்தது. தாவூத் அவன் காலுக்குத் துணி சுற்றிக் கட்டினான்.

மறுநாள் தாசில்தார் முன்னிலையில் முத்திரை உடைந்தது. காசும் நகையும் அப்படியே இருந்தன. செண்பகாவுக்கு மாலை விழுந்தது. பழைய பேச்சுப் பேசியவர்களே கைதட்டினார்கள். பிறகு அவள் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற குருபரனிடம் போனாள்.

"ஒரு பக்கம் மட்டும் பார்த்துட்டு ஒருத்தர துரோகின்னு சொல்லக்கூடாதுன்னு நேத்துதான் கத்துக்கிட்டேன். உன் பக்கத்தையும் சொல்லு, கேக்குறேன்."

குருபரன் வாயைத் திறந்தான். பிறகு தரையைப் பார்த்தான். செண்பகா வெகுநேரம் காத்திருந்தாள்.