பழைய முகவரிக்கு வந்தவர்கள்

மஞ்சுளா அந்த இணையதளத்தை இன்னும் வெளியே திறந்துவிடவில்லை. ஆனால் கணினித் திரையின் மூலையில், 'இப்போது பார்ப்பவர்கள்: 4' என்றிருந்தது.

உரியவர்கள் புதுப்பிக்காமல் விட்ட டொமைன் என்னும் இணையதள முகவரிகளை வாங்குவதுதான் அவள் தொழில். ஆட்கள் போய்விட்டாலும் பழைய இணைப்புகள் எங்கெங்கோ கிடக்கும். அவற்றைத் தொட்டு வருகிற கூட்டத்தைத் தன் விளம்பரப் பக்கங்களுக்குத் திருப்பிவிடுவாள். இது மோகனூர்க்காரர் ஒருவர் நடத்திய வரன் தளம். நாற்பது வயதாகியும் பெண் அமையாத ஆண்கள் நிறைந்த வட்டாரம். ஒரு பெண்ணின் படம் இருந்தால் கூட்டம் நிற்கும். படம் அழிந்துபோன பழைய பக்கம் ஒன்றில் தங்கை தமிழினியின் படத்தை வைத்தாள்.

"ஏக்கா, எம்படத்தயா போட்டீங்க? உங்க மூஞ்சியப் போட்டா ஆரும் வரமாட்டாங்களா?" என்றாள் தமிழினி.

"எம்மூஞ்சியப் பாத்தா வந்த கூட்டமும் ஓடிரும் புள்ள. ரெண்டு நாளைக்குத்தான், எடுத்துர்றேன்."

தங்கை சிரித்துக்கொண்டே உள்ளறைக்குப் போனாள். அப்போதே தளத்தின் பழைய முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது.

'பொண்ணு புடிச்சிருக்குதுங்க. மல்லசமுத்திரம் ஊட்டுக்கு வரலாங்களா?'

தன் ஊர்ப் பெயரை அவள் எங்கும் போடவில்லை. அதை யோசிப்பதற்குள், வருகிறேன் என்பவரை வேண்டாமென்று சொல்லிப் பழகாத விரல்கள் 'வாங்க' என்று அடித்து அனுப்பிவிட்டன.

மின்னஞ்சலின் கீழே மாப்பிள்ளையின் பெயர், கதிர்வேல். ஒரு தொலைபேசி எண். அழைத்துக் கதிர்வேலைக் கேட்டாள்.

"நான் அவன் பெரியப்பன் சடையன் பேசறனுங்க. நீங்க ஆருங்க?" விவரம் கேட்டதும் அந்தக் குரல் தணிந்தது. "அம்மிணி, அவன் போயி ஒம்போது வருசமாச்சுங்க. பொண்ணு பாக்கப் போறப்ப காரு வாய்க்கால்ல உழுந்துருச்சு. அப்பன், ஆத்தா, தங்கச்சி, அவன். நாலு பேருமே."

மஞ்சுளா தங்கையின் படத்தை அழித்தாள். போகவில்லை. பக்கத்தையே அழித்தாள். திரையின் மூலையில் நான்கு என்பது பூச்சியமானது.

மணி நான்குதான். ஜவ்வரிசி ஆலையிலிருந்து எப்போதும் வரும் புளித்த கிழங்கு வாடையின் அடியில், நாட்கணக்காக நீரில் கிடந்த துணியின் வாடையும் பாசியின் குளிர்ச்சியும் மெல்லக் கலந்து, மின்விசிறிக் காற்றோடு சுற்றிச் சுற்றி அவள் முகத்துக்கு வந்துகொண்டிருந்தன. வெளியே கார்க் கதவு சாத்தும் ஓசை. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

சன்னலில் பார்த்தாள். வெயில். வெறும் தெரு.

வாசற்படியில் ஈரம். பிறகு நடையில். பாதம் பாதமாக. அவளைத் தாண்டி உள்ளே போனது. அவளுக்காக ஒன்றும் நிற்கவில்லை.

"தமிழு! வெளிய வா புள்ள!"



உள்ளறைக் கதவைத் தள்ளினாள்.

தமிழினி தரையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் மட்டும் அக்காவைத் தேடி உயர்ந்தன. உதடுகள் நீலம். எதையோ சொல்ல வாய் திறந்தாள். கலங்கிய தண்ணீர் வழிந்து மடியில் கொட்டியது. நிற்காமல் கொட்டியது. சுற்றிலும் நான்கு சோடி ஈரக் காலடித் தடங்கள், அவளைப் பார்த்தபடி.

அவள் தலைக்கு மேல் அந்தரத்தில் அழுகிய மல்லிகைச் சரம் ஒன்று மெதுவாக இறங்கி, ஒரு தாயின் பொறுமையோடு, அவள் கூந்தலில் தன்னைச் செருகிக்கொண்டிருந்தது.