மரியாதைக்காரக் கம்ப்யூட்டர்

மாமாவின் மேஜைமேல் கிட்டத்தட்ட அவர் வயதுள்ள கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. இருவருமே சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

பக்கத்தில் மோடம். டெலிபோன் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் பெட்டி. இரண்டையும் இணைக்கும் கேபிள் எந்தக் கடையிலும் இல்லை. மாமாவே கம்பிகளை ஈயத்தால் பற்றவைத்துச் செய்துகொண்டிருந்தார்.

அக்கா மகள் வாலு கடிகாரத்தைப் பார்த்தாள். ஊர் மாறிப் போன தோழி சோடாபுட்டியின் வீட்டிலும் இதே மாதிரிக் கம்ப்யூட்டர். ஐந்து மணிக்கு அழைப்பதாகப் பேச்சு. போனில் பேசினால் இருவரும் அழுதுவிடுகிறார்கள். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

"மூணே கம்பி போதும்," என்றார் மாமா. "பேச ஒண்ணு, கேக்க ஒண்ணு, பொதுவா ஒண்ணு."

"பிளக்குல இருக்கிற மீதி முனையெல்லாம் எதுக்கு?"

"'அனுப்பலாமா'ன்னு கேக்க ஒண்ணு. 'அனுப்பு'ன்னு பதில் வர ஒண்ணு. எல்லாம் வெட்டி மரியாதை. மோடத்துல அந்தப் பதில் முனை ஒடிஞ்சே போச்சு, விடு."

வாலு கம்ப்யூட்டரில் சோடாபுட்டியின் போன் எண்ணைத் தட்டினாள். மோடத்தின் விளக்கு சிமிட்டவே இல்லை.

"கம்பியெல்லாம் சரி," என்றார் மாமா. "கம்ப்யூட்டருக்குத்தான் திமிர்."

சமையலறையிலிருந்து வாலுவின் அம்மா கேட்டாள். "டேய், டீ ஊத்தலாமா?"

மாமா நிமிரவில்லை.

"பதில் வராம ஊத்தமாட்டேன். ஆறிப்போச்சுன்னு அப்புறம் என்னைத்தான் சொல்லுவே."

"ஊத்தும்மா," என்று மாமாவுக்காக வாலு சொன்னாள். டீ வந்துவிட்டது.

வாலு டீயைப் பார்த்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"மாமா, இதுவும் அம்மா மாதிரிதான். 'அனுப்பலாமா'ன்னு கேட்டுட்டு உக்காந்திருக்கு. யாருமே பதில் சொல்லலை."

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "பதில் சொல்றதுதான் ஒடிஞ்சுபோச்சே."

"அப்ப நாம சொல்லுவோம். கேக்குற முனையையும் பதில் முனையையும் கம்ப்யூட்டர் பக்கமே சேத்துடுங்க. கேட்டதே பதிலா திரும்பி வந்துடும்."

"தானே கேட்டு, தானே பதில் சொல்லிக்குமா?"

"நீங்க தினமும் அப்படித்தானே பேசுறீங்க."

மாமா ஒரு துண்டுக் கம்பியை எடுத்துப் பற்றவைத்தார்.

விளக்கு சிமிட்டியது. மோடம் கீச்சிட்டது, பிறகு கரகரத்தது. மணி ஐந்தைத் தாண்டிவிட்டிருந்தது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக நகர்ந்து வந்தன.

'மறந்துட்டியோன்னு நெனச்சேன். இருக்கியா?'

மாமா எட்டிப் படித்தார். "இதுக்கும் ஒரு துண்டுக் கம்பி போட்டுடவா?"

"வேணாம் மாமா. இதுக்கு நானே சொல்றேன்."

வாலு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள்.

'இருக்கேன்.'