அம்புக்குறி காட்டிய பக்கம்

இடது தோளுக்குக் கீழே ஏதோ ஈரம். சபாரத்தினம் முதுகுப்பக்கம் தொங்கிய பையைத் தடவினார். தண்ணீர்ப் போத்தல் கசிந்தது. காலையில்தான் வாங்கிய புதுப் போத்தல்.

நவம்பர். நான்கு மணிக்கே கிங்ஸ்பரியில் வெளிச்சம் வடியத் தொடங்கியிருந்தது. பூங்காவின் நடுவே ஆளுயர வேலி. வேலிக்குள் உட்கார ஒரு வாங்கு. அதில் மனைவி சிவகௌரி இருந்தாள். நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து மூன்று கிழமை. அதிகம் நடக்க முடியாது. ஆனால், ஓய்வுபெற்ற தாவரவியல் ரீச்சருக்கு ஆசை விடுமா? மத்தியதரைக்கடல் மரங்களின் பட்டியல் அவள் கையில். வேலியைச் சுற்றிய வட்டப் பாதையில் அவர் நடந்து, மரங்களின் பெயர்ப்பலகைகளைப் படித்துக் கத்துவார். அவள் உள்ளிருந்து சரி போடுவாள்.

"கோர்க் ஓக்!"

"ஓம்! பட்டையைத் தொட்டுப் பாருங்கோ. உங்கட குதிக்கால் மாதிரி இருக்கும்."

சிரித்துக்கொண்டே வேலியின் ஒரே வாசலுக்கு வந்தார்.

"பட்டியலில ரெண்டு மரத்தைக் காணேல்லையப்பா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொருக்காச் சுத்துங்கோ."

இரண்டாவது சுற்றில், முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். டொக். போத்தலில் யாரோ தட்டியதுபோல. ஈரம் இடுப்புவரை இறங்கியது.

"ஸ்ரோபெரி மரம்!"

"ஓம்..." குரல் மெலிந்திருந்தது.

வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "குளிருதே? போவம், எழும்பும்."

"ஒண்டுதானே மிச்சம். போட்டு வாங்கோ."

போனார். பாதி வட்டத்தில் பிசின் வாசனை. சைப்ரஸ். பலகையைப் படிக்கக் குனிந்தபோதுதான் பாதையைக் கண்டார். முன் சுற்றில் நடந்த தடத்தில் இரண்டு ஈரக்கோடுகள்.

பாதையோரக் கம்பத்தில் ஓர் அம்புக்குறி. அது காட்டிய பக்கம் நடந்ததில் வேலி அவருக்கு இடக்கைப் பக்கம் இருந்தது. கோயிலில் யாரும் இப்படிச் சுற்றுவதில்லை. இப்படிச் சுற்றுவது ஓரிடத்தில் மட்டும்தான்.

அப்பாவின் சிதை. அவருடைய இடது தோளில் தண்ணீர்க் குடம். பின்னால் கத்தியுடன் ஒருவர். சுற்றுக்கு ஒரு கொத்து, ஒரு ஓட்டை. மூன்று சுற்று. திரும்பிப் பார்க்காதே என்றார்கள்.

நடுவில் கௌரி.

பின்னால் சருகு நொறுங்கியது. அவர் நின்றார். அதுவும் நின்றது.

வந்த வழியே ஓடலாம். ஆனால் திரும்ப வேண்டும். கழுத்து மறுத்தது. பையை இறக்கலாம். இறக்கினால் குடம் உடைந்தது போல் ஆகிவிடுமோ? நெஞ்சோடு அணைத்து ஓட்டைகளை உள்ளங்கையால் பொத்தினார். விரலிடுக்கில் தண்ணீர் பீறிட்டது.

"சைப்ரஸ், கௌரி!"

'ஓம்' கேட்க வேலியில் காதை வைத்தார்.

"கௌரி!"

ஓடினார். வாசல் தெரிந்தது. இன்னும் பத்தடி. ஐந்தடி.

டொக்.

கைக்குள்ளேயே. மூன்றாவது ஓட்டை.

சிவகௌரி வாங்கில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தாள். கண்கள் திறந்திருந்தன. அவரைத்தான் பார்த்தன.

"கௌரி... ஒருக்காச் சொல்லுமப்பா."

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, எரியும் கொள்ளியை அவர் விரல்களுக்குள் திணித்தது.

அவள் உதடுகள் அசைந்தன. 'ஓம்' என்று சொல்ல வாய் திறந்தது.

வாய் நிறைய அரிசி. பொலபொலவென்று கொட்டியது.