கலக்காத மண்

செல்போன் அலறியது.

தம்பி!

"அக்கா... மிஷின் பக்கெட்டுல ஒரு ஷூ வருது."

"பழைய குப்பையா இருக்கும்டா. எடுத்துப் போடு."

"ஷூவுக்குள்ள கால் இருக்குக்கா!"

ஹெல்மெட்டைக்கூட மறந்து ஓடினாள் அவள்.

பழைய பேட்டரி தொழிற்சாலை நின்றிருந்த இடம் அது. ஈயத்தைக் குடித்துக் குடித்தே விஷமாகிப் போன கருப்பு மண். அதைத் தோண்டி எடுத்துவிட்டு, வெளியிலிருந்து வந்த சிவப்பு மண்ணை நிரப்பி, மேலே குழந்தைகள் பூங்கா அமைக்க வேண்டும். வேலைக்கு இன்ஜினீயர் அவள். தோண்டும் இயந்திரத்தை ஓட்டுபவன் கூடப்பிறந்த தம்பி. மண்ணைப் பரிசோதிப்பவர் அவள் கணவர்.

இந்தக் குழியின் அடிமண்ணில் விஷமில்லை என்று கணவர் சொன்ன பிறகுதான் சிவப்பு மண் போட்டு மூடினார்கள். இனி யாரும் தொடப் போவதில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். காலையில் திடீரென்று தண்ணீர்க் குழாய் பதிக்கும் பாதை இந்தப் பக்கம் மாறியது. தம்பி தோண்டினான்.

பிணம் வந்தது!

போன வாரம் காணாமல் போன மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி. பின்மண்டை பிளந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் நேராகத் தம்பியிடம் வந்தார்.

"'உயிரோட புதைச்சிடுவேன்'னு இவரைப் பார்த்துக் கத்தினது நீதானே?"

தம்பி இயந்திரத்தைக் கைகாட்டினான். "வேலையை நிறுத்துன்னு மிஷின் முன்னால வந்து நின்னாரு சார். ஏதோ கோவத்துல..."

"வாக்கு தவறாத ஆளுய்யா நீ! ஏட்டய்யா, விலங்கை மாட்டுங்க."

"அக்கா! நான் இல்லக்கா!"

கணவர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "பதறாதே. நல்ல வக்கீலா பார்ப்போம்."

அவள் குழியின் விளிம்பில் மண்டியிட்டு, வெட்டுப்பட்ட மண்சுவரைப் பார்த்தாள்.

அடியில் கருப்பு மண். அதற்கு மேல் நீல நிறத் தார்ப்பாய். அதற்கும் மேல் சிவப்பு மண்.

ஒரு சிட்டிகை கூடக் கலக்கவில்லை!

"சார்! இது மிஷின் வேலை இல்ல!"

"எப்படிச் சொல்றீங்க?"

"மிஷின் ஒரு வாய் அள்ளினா ரெண்டு மண்ணும் கலந்துடும். இது மம்பட்டியால தோண்டினது. சிவப்பைத் தனியா, கருப்பைத் தனியா குவிச்சு, அதே வரிசையில மூடி, நடுவுல நாங்க போடாத தார்ப்பாயும் விரிச்சிருக்கான்."

"பொணத்தைப் புதைக்கிறவன் எதுக்கும்மா இவ்வளவு மெனக்கெடணும்?"

"விஷ மண்ணு நல்ல மண்ணுல படக்கூடாது. எங்க சைட்டு வழக்கம். கை தானாச் செய்யும்."

"அப்ப உங்க ஆளுதான். உங்க தம்பியும் உங்க ஆளுதானே?"

"இல்ல சார்... இந்தக் குழி சுத்தம்னு டெஸ்ட்டுல வந்துடுச்சு. அவன் அதைத்தான் நம்பினான். நானும்தான். நல்ல மண்ணுக்கு எவனாவது தார்ப்பாய் விரிப்பானா? கீழே இன்னும் விஷம் இருக்குன்னு தெரிஞ்சவன்தான்..."

சட்டென்று நிறுத்தினாள்.

"தெரிஞ்சவன்... யாரும்மா?"

வாயை மூடினால் தம்பி ஜெயிலுக்குப் போவான். திறந்தால்...

"டெஸ்ட் பண்ணினவர்."

"பைத்தியமா உனக்கு?" கணவரின் குரல் கிறீச்சிட்டது. "எதுவா இருந்தாலும் வீட்டுல போய்ப் பேசிக்கலாம், வா!"

"இங்கேயே பேசலாமே சார்!" இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்து நின்றார். "அந்தக் கருப்பு மண்ணை வேற லேபுக்கு அனுப்பட்டுமா?"

கணவர் முகம் வெளிறிப் போயிற்று. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எடுக்க எடுக்க விஷம்தான் வந்துச்சு. இன்னும் ஆழமாத் தோண்டச் சொன்னா வேலையை விட்டுத் தூக்கிடுவோம்னு கம்பெனி மிரட்டுச்சு. சுத்தம்னு எழுதிட்டேன். அந்த ஆளு சந்தேகப்பட்டு, தனியா வந்து, மூடின குழியைத் தோண்டி மண்ணை அள்ளினாரு. கெஞ்சினேன்... கேக்கல. மம்பட்டி கையில இருந்துச்சு..."

"தார்ப்பாய்?" அவள் கேட்டாள்.

"குழந்தைங்க விளையாடப் போற இடம்டி... மேல்மண்ணுல விஷம் படலாமா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

தம்பியின் கையிலிருந்து கழன்ற விலங்கு, கணவரின் கையில் ஏறியது. சிவந்த மணிக்கட்டைத் தேய்த்தபடி தம்பி அவரையே வெறித்தான்.

"ரிப்போர்ட்டுல அவ்வளவு பொய்யைக் கலந்தீங்களே மாமா... ரெண்டு கூடை மண்ணைக் கலக்கவா கை வரல?!"