கடுகும் பூதமும் ஒரு சட்டையும்

"நாலு மாடியும் நடந்தே ஏறணுமா? காலையில நல்லாத்தானே ஓடிச்சு?"

லிஃப்ட் கதவு திறந்திருந்தது. உள்ளே லிஃப்ட்டைக் காணோம், இருட்டுப் பள்ளம்தான் இருந்தது. பள்ளத்திலிருந்து மெக்கானிக்கின் தலை எட்டிப் பார்த்தது.

"மழைத் தண்ணி உள்ள இறங்கிடுச்சு மேடம். அரை மணி நேரம் ஆகும்."

"மேல என் கண்ணாடிக் கடையில ஆள் காத்திட்டிருக்காங்க!"

"கண்ணாடிக் கடையா? அப்போ வெளிய வச்சிருக்கிற போர்டு உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கணுமே..."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"உஷ்... பேசாதீங்க."

"என்னையா பேசாதீங்கன்னு..."

"கேளுங்க."

கேட்டது. மழைச் சத்தத்துக்கு அடியில் நூல் போல ஒரு குரல்.

அடுத்த நிமிடம் அவள் ஈரத் தரையில் மண்டியிட்டு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். கீழே முழங்கால் தண்ணீரில் அவன் குனிந்து தேடினான். ஒரு கம்பியின் மேல் உள்ளங்கை அளவு பூனைக்குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. 'கடவுளே, விழுந்துடக் கூடாது...' அவள் கை நடுங்க, வெளிச்சமும் நடுங்கியது.

"பயப்படாதீங்க, நேராப் பிடிங்க. உங்களை நம்பித்தான் நிக்கிறேன்."

வேலைச் சட்டையைக் கழற்றி, குட்டியை அதில் சுருட்டி எடுத்துக்கொண்டு பனியனோடு மேலே வந்தான். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைச் சோதிப்பதுதான் அவள் பிழைப்பு. எத்தனையோ கண்கள்! மழை சொட்டும் இமைகளோடு சிரித்த இந்த இரண்டை மட்டும் ஒரு நொடிக்கு மேல் பார்க்க முடியவில்லை...

"என் ரூம்ல பூனைக்கு இடமில்ல. நீங்க கொண்டு போறீங்களா?"

"ஐயோ, எங்க வீட்ல முடியவே முடியாது."

"வேற இடம் கிடைக்கிற வரைக்கும்... ப்ளீஸ்."

அவள் ஏன் மறுத்தாள் என்று அவனுக்குத் தெரியாது. வீட்டில் பூதம் இருந்தது.

பூதம் என்பது நாய். கறுப்பு, கன்றுக்குட்டி உயரம். போன வருடம் அவள் ஆசை ஆசையாய் ஒரு முயல் வாங்கி வந்தாள். 'நம்ம பூதம்தானே' என்று அன்று மாலையே கதவைத் திறந்துவிட்டாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பூதத்தை அவள் அடிக்கவில்லை. திறந்தது தன் கை அல்லவா? அதிலிருந்து எந்தத் தாழ்ப்பாளைப் போட்டாலும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

ஆனாலும் அந்தச் சட்டைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டுதான் போனாள். மனசு கேட்டால்தானே!

குட்டியை வாசல் அறையில் வைத்தாள். அந்த அறைக்கு இரண்டு கதவு. ஒன்று தெருப் பக்கம், மற்றது கூடத்துப் பக்கம். கூடத்தில் பூதம். கதவிடுக்கில் மூக்கை வைத்து அது 'உர்ர்ர்' என்றபோது அவள் குட்டியை வாரி அணைத்துக்கொண்டாள்.

"அவசரமே படாதீங்க," என்றார் கால்நடை டாக்டரம்மா. "குட்டியோட துணியை நாய் தட்டுக்கு அடியில விரிங்க. கதவுக்கு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல சாப்பாடு வைங்க. வாசனை பழகினாத்தான் முகம் பழகும்."

குட்டியின் துணி என்று வீட்டில் இருந்தது அந்தச் சட்டை ஒன்றுதான். அதையே விரித்தாள்.

மெக்கானிக் தினமும் மாலை வந்தான். தெருக் கதவு வழியாகவே வருவான், போவான். குட்டிக்குக் 'கடுகு' என்று பெயர் வைத்ததும் அவன்தான்.

"சிறுத்தாலும் காரம் குறையாதாம், பாருங்க எப்படிக் கடிக்குதுன்னு!"

வாசனை போகக் கூடாதென்று, அவன் கடுகைக் கொஞ்சும் நேரமெல்லாம் அந்தச் சட்டையை அவன் மடியில் விரித்துவைப்பாள். அவன் போனதும் எடுத்துப்போய்ப் பூதத்தின் தட்டுக்கு அடியில் போடுவாள். போகிற வழியில் ஒரு தடவை... ஒரே ஒரு தடவைதான்... முகத்தருகே கொண்டுபோனாள். கிரீஸும் சோப்பும் கலந்த வாசனை. சட்டென்று கூச்சம் வந்து சுற்றிலும் பார்த்தாள்.

"பூனையைப் பார்க்க வர்றவன் பூனையைத் தவிர எல்லாத்தையும் பார்க்கிறானே!" என்றார் அப்பா.

"போங்கப்பா..."

பதினாறாம் நாள் அவன் சொன்னான், "பூதம் இப்பெல்லாம் உறுமுறதே இல்ல. இன்னைக்குத் திறக்கலாமே?"

"வேணாம்."

"நான் இருக்கேன்ல?"

"வேணாம்னா வேணாம்!"

"உங்களுக்கு நாய்கிட்ட பயமில்லங்க. உங்க கைகிட்டதான் பயம்."

முயல் கதையை அவனை நம்பித்தான் சொல்லியிருந்தாள். அதையே எடுத்துக் குத்துகிறானே!

"நீங்க லிஃப்ட்டைப் பாருங்க. என் வீட்டுக் கதவை நான் பார்த்துக்கிறேன்."

அவன் முகம் சுருங்கியது. கடுகை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கூப்பிடலாமா? நான் ஏன் கூப்பிடணும்? ஆறு நாள் ஓடியது. வேடிக்கை என்னவென்றால் பூதமும் சரியாகச் சாப்பிடவில்லை. சட்டையின் மேல் தலை வைத்து, கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அவளும் ஏறக்குறைய அப்படித்தான் கிடந்தாள். ஏழாம் நாள் போன் வந்தது.

"கடுகுக்கு வீடு கிடைச்சிருச்சுங்க. நாளைக் காலையில வந்து எடுத்துக்கிறேன். அப்புறம் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

அப்புறம் அவன் வரவே மாட்டான். அந்தப் பயம் முயல் பயத்தை விடப் பெரிதாக இருந்தது.

காலையில் தெருக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கூடத்துக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் கூடையோடு நின்றான். இந்தப் பக்கம் அவள், கையில் பூதத்தின் சங்கிலி.

"கொஞ்சம் இருங்க. போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை... நான் திறக்கப் போறேன்."

"நிஜமாவா?"

"பேசாதீங்க. பேசினா திறக்க மாட்டேன்."

தாழ்ப்பாளில் விரல் வழுக்கியது. முயலின் வெள்ளைக் காது கண்முன் வந்தது. கடவுளே... திறந்தாள்.

பூதம் பாய்ந்தது. வியர்த்த கையிலிருந்து சங்கிலி பறந்தது. "ஐயோ... கடுகு!" என்று அலறிக் கண்களை இறுக மூடிக்கொண்டாள். ஏதோ விழுந்து உருண்டது. பிறகு சத்தமே இல்லை. 'மறுபடியும் என் கையாலேயே...' கண்ணைத் திறக்கத் துணிவு வரவில்லை.

"மேடம்... கொஞ்சம் காப்பாத்துங்க."

திறந்து பார்த்தாள். உருண்டது கூடை. சுவரோரம் அவன் மல்லாந்து கிடக்க, மார்பில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, அவன் முகத்தைப் பூதம் ஆசை தீர நக்கிக்கொண்டிருந்தது. கடுகு அதன் வாலடியில் முதுகை வளைத்து நின்று சீறியது. பூதம் திரும்பிப் பார்த்தது. அது கடுகை மோந்தது, அவன் கையை மோந்தது, மறுபடியும் கடுகை மோந்தது. கடுகு அதன் மூக்கில் ஒரு அறை விட்டது. பூதம் தும்மிவிட்டு, 'சரி, நீயும் நம்ம ஆளுதான்' என்பதுபோல் படுத்துக்கொண்டது.

"பூதம் என்னை இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லையே..." என்றான் அவன், எழ மறந்து.

அவள் பார்வை கூடத்துத் தட்டுக்கு அடியில் கிடந்த சட்டைக்குப் போனது. அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது.

"மூணு வாரமா அது மோந்தது கடுகை மட்டும் இல்லைங்க... உங்களையும்தான்."

"சட்டையை ஒரு தடவைகூடத் துவைக்கலையா?"

"டாக்டரம்மா சொன்னாங்கன்னு..." பாதியில் நிறுத்தினாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "பொய். துவைக்க மனசு வரல. பூதத்துக்கு மட்டுமா பழகிச்சு?"

அவன் வெகுநேரம் அவளையே பார்த்தான். இந்தத் தடவை அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"எனக்குப் பழக சட்டையெல்லாம் தேவைப்படல," என்றான் மெதுவாக. "அன்னைக்குப் பள்ளத்துக்கு மேல ஒரு டார்ச் நடுங்கிச்சே... அப்பவே பழகிடுச்சு. அந்தக் கையைப் போய்க் குத்திப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க."

உள்ளேயிருந்து அப்பா இருமினார். தேவையில்லாத இருமல்.

அவன் எழுந்து, பழக்க தோஷத்தில் கூடத்துக் கதவைச் சாத்தப் போனான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை இன்னும் நடுங்கியது.

"பயமா இருக்கா?"

"ரொம்ப... இருந்தாலும் திறந்தே இருக்கட்டும்."