உப்புத் தடம்

முன்பு குடியிருந்தவன் விட்டுப்போன மரவீடு அது. கூரை ஒழுகவில்லை, அடுப்பு புகையை ஒழுங்காக இழுத்தது. அதற்கு மேல் ஃபார்க்கர் எதையும் பார்க்கவில்லை. சொந்த ஊரான ஸ்கை தீவில், நிலத்தைக் காலிசெய்து ஆடு மேய விடுவதற்காக ஜமீன்தார் அவன் வீட்டைக் கொளுத்தி ஐந்து மாதமாகியிருந்தது. கப்பலேறி, கனடாவில் இறங்கி, காட்டுவழியே நடந்து இங்கே வந்து சேர்ந்தபோது மனைவி பெகியும் ஆறு வயது மகன் யூவனும் கூட இருந்தார்கள். ஒன்றரை வயது ஊனா இல்லை. கப்பலில் காய்ச்சல் கண்டு கடலோடு போய்விட்டாள்.

பெகி அழவில்லை. கப்பலிலும் அழவில்லை, இங்கேயும் அழவில்லை. ஓட்ஸ் கஞ்சி கிண்டினாள், எல்லோருக்கும் ஊற்றினாள், படுத்தாள்.

முதல் உறைபனி விழுந்த காலையில், வாசலிலிருந்து அடுப்புவரை தரையெல்லாம் ஈரம்.

சின்னப் பாதங்கள்.

யூவனின் கால் அதைவிடப் பெரிது. அதுவும் காய்ந்திருந்தது. பெகி குனிந்து, ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு," என்றாள்.

அங்கிருந்து கடலுக்குப் பல நாள் நடை.

துணியால் துடைத்தாள். பிழிந்தாள். கஞ்சிக்கு உலை வைத்தாள். பிறகு முதுகைத் திருப்பியபடியே கேட்டாள்: "நீங்க தூக்கிட்டுப் போனப்ப பிள்ளை உடம்பு சில்லுன்னு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நல்லா ஆறிப்போயிருந்துச்சா?"

"நல்லாவே."

பொய். அவன் கையில் இருந்த கம்பளிச் சுருளில் சூடு இருந்தது. பெகி அப்போது காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தாள். நோய் இருப்பது தெரிந்தால் மொத்தக் கப்பலையும் துறைமுகத்தில் கரைசேர விடமாட்டார்கள், சீக்கிரம் கடலில் விடு என்று மாலுமிகள் அவனைச் சுற்றி நின்றார்கள். மூச்சு இருக்கிறதா என்று அவன் காதை வைத்துப் பார்க்கவில்லை.

பார்க்கப் பயந்தான்.

ஆண்டுதோறும் முதல் உறைபனிக்கு அந்த ஈரம் வந்தது. மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள், கட்டைகளுக்கு நடுவே கோதுமை விதைத்தார்கள், யூவனுக்கு மீசை அரும்பியது. பக்கத்து நிலத்து மெக்ரே வரும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சுவார்.

"என்னப்பா ஃபார்க்கர், வீடெல்லாம் கடல் வாடை! எங்களுக்குத் தெரியாம கருவாடு பதுக்கி வெச்சிருக்கியா?"

ஃபார்க்கரும் சிரித்துவைப்பான்.

தடங்களை அவன் ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை. பெகி பார்த்தாள். குளிர் தொடங்குமுன் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை பின்னி வாசலில் வைப்பாள். தடத்தின் அளவுக்கு, வருடத்துக்கு வருடம் கொஞ்சம் நீளமாக.

"யாருக்கும்மா இது? எனக்குப் பத்தாதே," என்றான் யூவன் ஒருமுறை.

"உனக்கில்ல."

அதற்குப்பின் அவன் கேட்கவில்லை.

இருபதாவது வருடம் பெகி நெஞ்சுச்சளியில் படுத்தாள். நல்ல பகல் வெயில். வெளியே யூவன் விறகு பிளக்கும் சத்தம். ஃபார்க்கர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். இனி நாளில்லை என்று பட்டது.

"பெகி… அன்னிக்கு அவ உடம்பு சூடாத்தான் இருந்துச்சு."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். குரலில் கோபம் இல்லை. துக்கமும் இல்லை.

"செத்த பிள்ளை வளராதுங்க."

கோடாரிச் சத்தம் நின்றது. மறுபடி தொடங்கியது.

அன்று சாயங்காலம் அவள் போய்ச் சேர்ந்தாள். அடக்கம் செய்த மூன்றாம் நாள் உறைபனி விழுந்தது.

விடிந்ததும் ஃபார்க்கர் கண் திறந்தான். இந்த முறை ஈரம் அடுப்போடு நிற்கவில்லை. கட்டில்வரை வந்திருந்தது. முதன்முறையாக அவன் நேராகப் பார்த்தான். முழுதாக வளர்ந்த ஒரு பெண்ணின், இருபத்தொரு வயது ஊனாவின் பாதங்கள்.

அவற்றை ஒட்டி இன்னொரு ஜோடி.

விரல்கள் சரியாகப் பதியாத, இன்னும் நடை பழகாத, அவன் உள்ளங்கையில் அடங்குகிற பாதங்கள். ஊனாவின் பிள்ளை.

அவன் மனதில் எதுவும் அசையவில்லை. துணியை எடுத்துவந்து மண்டியிட்டான். பெரிய தடங்களைக் கட்டிலடியிலிருந்து வாசல்வரை ஒவ்வொன்றாகத் துடைத்தான். சின்னதைத் துடைக்கக் கை வரவில்லை.

நிமிர்ந்து திரும்பினான்.

கட்டிலடியில் சின்னத் தடங்கள் இன்னும் இரண்டு கூடியிருந்தன.