கேட்டுக்கு வராதவர்கள்

கட்டிலில் கிடந்தவனின் வாய் திறந்தே இருந்தது.

காற்றுக்காகத் திறந்த வாய். காற்று வரவில்லை. உயிர் போய்விட்டது.

டாக்டர் குனிந்து பார்த்தாள். உதடு நீலம். கழுத்தெலும்புக்கு மேலே குழி. விலா எலும்பைத் தொடாமலே எண்ணலாம்.

"இவருக்கு வயசு என்னக்கா?"

"நாப்பதுகூட ஆகல." செத்தவனின் மனைவி அழவில்லை. அழுது முடித்திருந்தாள். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா, உங்கப்பாவான்னு கேப்பாங்க."

"மில்லுல வேலையா?"

"கல்லு அரைக்கிற மில்லு. மூச்சு வாங்குதுன்னு போன வருஷம் நிறுத்திட்டானுங்க."

காலையில் டாக்டருக்குப் போன் செய்தவள் இவள்தான். 'டிவில உன் மூஞ்சியப் பாத்தேன். வந்து என் புருஷன் மூஞ்சியப் பாரு' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வேறொருத்தியாக இருந்தால் வந்திருக்க மாட்டாள். இந்த டாக்டர் வந்துவிட்டாள்.

கல் மில் ஆய்வு அவள் செய்தது. ஊரில் மற்ற வேலை செய்கிறவர்களைவிட மில் ஆட்களின் நுரையீரல் நன்றாக இருக்கிறது... இதுதான் முடிவு. ஒரு வாரமாக டிவியில் அதே பேச்சு. டை கட்டியவர்கள் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினார்கள். சலூனில் ஒருவன், "அந்தத் தூசு நெஞ்சைக் கெட்டியாக்குமாம், ஆராய்ச்சியே சொல்லிடுச்சு" என்றான்.

அதை வைத்து இன்று மாலை அமைச்சர் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போடப்போகிறார். மில்லில் தூசு அடங்கத் தண்ணீர் தெளிக்க வேண்டாம். முகமூடி வேண்டாம். இருமிக்கொண்டு வந்து நிற்கிறவனுக்கு நஷ்டஈடும் வேண்டாம்.

"இவரை எங்க ஆளுங்க பரிசோதிக்கவே இல்லையாக்கா?"

"எங்க வச்சுப் பண்ணீங்க?"

"மில் கேட்டுல. வேலைக்கு வர்றவங்களை நிக்க வச்சு..."



டாக்டர் தெருவுக்கு வந்தாள். வீட்டுக்கு ஒருவனாக, வாசல்தோறும் ஆண்கள். முழங்காலில் கையை ஊன்றி, முன்னால் சாய்ந்து, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு.

இவர்களில் ஒருவனாலும் அந்தக் கேட் வரை நடக்க முடியாது.

ஓட்டப் பந்தயம் முடிகிற இடத்தில் நின்றுகொண்டு, ஓடினவர்களில் யாருக்கும் கால் உடையவில்லை என்று எழுதியிருந்தாள்!

போனை எடுத்தாள். ஆராய்ச்சி நிலையத் தலைவருக்கு அடித்தாள்.

"சார், தப்புப் பண்ணிட்டோம். வேலை செய்ய முடிஞ்சவங்களை மட்டும் பாத்திருக்கோம். நோய் வந்தவன் எல்லாம் வீட்டுல கிடக்கறான்."



"பதறாதேம்மா," என்றார் தலைவர். அப்பா மாதிரி குரல். "வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார். முதல்ல உங்ககிட்டதான். கையெழுத்தை நிறுத்தணும் சார்."

"நிறுத்திடலாம். எங்க இருக்கே?"

"மில்லுக்குப் பின்னாடி, லைன் வீட்டுத் தெருல."

"தெருமுனைல நில்லு. வண்டி அனுப்பறேன்."

நின்றாள்.

தூசு படிந்த ஜீப் ஒன்று வந்து உரசி நின்றது. இறங்கியவனின் தோள் கதவளவு இருந்தது. மணிக்கட்டைப் பிடித்தான். உள்ளே தள்ளினான். கத்துவதற்குள் கதவு மூடியது.

"யாருய்யா நீ? மில் ஆளா?"

"உளின்னு கூப்பிடுவாங்க. வாயை மூடிட்டு வா."

ஊர் பின்னால் போய்விட்டது. கைவிட்ட கல் குவாரி ஒன்றின் அடிவாரத்தில் ஜீப் நின்றது.

"இறங்கு. மேல ஏறு."

"மேல என்ன இருக்கு?"

"பள்ளம்."



அவள் முன்னால் ஏறினாள். அவன் பின்னால். சரளைக் கல் காலுக்கடியில் வழுக்கியது. பாதி ஏறியபோது அந்தச் சத்தம் கேட்டது. ஈரத் துணியைக் கிழிப்பது போல.

அவனுடைய மூச்சு.

திரும்பினாள். உளி முழங்காலில் கையை ஊன்றி நின்றான். முகத்தில் வியர்வை.

"திரும்பாத. ஏறு..."

"நீங்களும் மில்லுலதான் இருந்தீங்களா?"

"உனக்கெதுக்கு?"

"அரவையா, சலிப்பா?"

இருமல் வந்தது. துப்பினான்.

"சலிப்பு," என்றான். "கல்லு மாவு சலிக்கிற ரூமு. எதிர்ல நிக்கிறவன் தெரியமாட்டான்."

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"மில் டாக்டரு பீடியாலங்கறான். நான் பீடியே தொட்டதில்ல. நஷ்டஈடு கேட்டுப் போனேன். ஆபீஸ்ல டிவி ஓடிட்டிருந்துச்சு. அதுல யாரு? நீ. 'பாருய்யா, டாக்டரம்மாவே சொல்றாங்க, போய் ஒழுங்கா பொழை'ன்னு மேனேஜர் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுனான்." அவன் கண் சிவந்தது. "அதான், உன்னைத் தள்ளணும்னதும் காசு வேணாம், சும்மாவே வர்றேன்னேன்."

கெஞ்சினால் தள்ளிவிடுவான். தெரிந்தது.

"சரிதான்," என்றாள். "தப்பு என்னுதுதான். உங்களை நான் பாக்கவே இல்ல. மில்லு வெளிய தள்ளுன யாரையும் பாக்கல. இன்னிக்குக் காலைலதான் தெரிஞ்சுது. சாயங்காலத்துக்குள்ள அமைச்சர்கிட்டச் சொன்னா கையெழுத்து நிக்கும். பள்ளத்துல கிடந்தா சொல்ல முடியாது."

"கதை விடற."

"மில் முதலாளிகிட்டயே கேளுங்க. எதுக்கு என்னைக் கொல்லச் சொன்னார்னு."

உளி சிரித்தான். சிரிப்பு இருமலாகி முடிந்தது.

"முதலாளியா? அந்தாளுக்கு நீ இங்க இருக்கறதே தெரியாது."

அவன் சட்டைப் பையில் போன் அலறியது.

எடுத்தான். பள்ளத்தைப் பார்த்தபடி ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னப்பா, முடிஞ்சுதா?"

அப்பா மாதிரி குரல்.

டாக்டர் பக்கத்தில் இருந்த கல்லைப் பிடித்துக்கொண்டாள். 'கேட்டுல நிக்கிறவங்க போதும்மா, வெளிய அலையாதே' என்று ஆய்வின் முதல் நாளே சொன்ன குரல். அவளுக்கு இன்றுதான் தெரிந்த தப்பு, அவருக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

"இன்னும் இல்ல சார்," என்றான் உளி. "மூச்சு வாங்குது."

"உனக்கென்ன மூச்சு வாங்கறது? எருமை மாதிரி இருக்கே."

"மில்லு சார். சலிப்புல இருந்தேன். ஆராய்ச்சில அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு போட்டிருக்கீங்களாமே. என்னை மாதிரி ஆளுங்க அதுல இல்லையா சார்?"

"வேலையை விட்டவன் எல்லாம் எதுக்குப்பா கணக்குல? அவனைச் சேத்தா மில்லை மூடச் சொல்லிடுவாங்க. அப்புறம் எங்க நிலையத்துக்குப் பணம் யார் தருவா? சீக்கிரம் முடி. நான் கூட்டத்துக்குப் போகணும்."

உளி பள்ளத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கிட்டே வந்தான்.

"ஆச்சு சார்," என்றான். போனை அணைத்தான்.

மாலை. கூட்ட அறையில் ஏசி சில்லென்று ஓடியது. கேமராக்கள் வரிசையாக. அமைச்சர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

பக்கத்தில் நின்ற தலைவரின் குரல் தழுதழுத்தது. "இந்த ஆய்வுக்கு உயிரைக் கொடுத்து உழைச்ச பெண்... இன்னிக்கு வர முடியல. அவங்க உழைப்புக்கு மரியாதையா இந்தக் கையெழுத்தை..."

கதவு திறந்தது.

டாக்டர் வந்தாள். முழங்காலில் சிராய்ப்பு. சேலையெல்லாம் கல் தூள். பின்னால் உளி, ஒவ்வோர் அடிக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு.

தலைவரின் வாய் திறந்தது. மூடவில்லை.

"கையெழுத்துப் போடாதீங்க சார்," என்றாள் டாக்டர். "ஆய்வு தப்பு. நோய் வந்ததும் மில்லு துரத்திடுது. கேட்டுல நின்னு பாத்தா நல்லா இருக்கறவன் மட்டும்தான் தெரிவான். மத்தவங்களை நாங்க பாக்கவே இல்ல."

கேமராக்கள் அவள் பக்கம் திரும்பின. அமைச்சர் பேனாவை மூடினார். டிவியில் நேரடியாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

உளி போனை மேஜைமேல் வைத்தான். "எல்லாப் போன்காலும் இதுல ரெக்கார்டு ஆகும் சார். எங்க அடியாள் தொழில்ல, சொன்னதை அப்புறம் சொல்லவே இல்லம்பானுங்க." வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் இரண்டு கையையும் நீட்டினான். "கொஞ்சம் மெதுவாக் கூட்டிட்டுப் போங்க. ஓட முடியாது."

தலைவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

அமைச்சருக்குப் பாதிதான் புரிந்திருந்தது. உளியை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரும்மா இந்த ஆளு?"

"ஆய்வுல விட்டுப்போனவங்களுக்கு ஒரு சாம்பிள் சார்," என்றாள் டாக்டர். "எங்க தலைவரே பொறுக்கி எடுத்து, வண்டி வச்சு அனுப்பினாரு."